ஒழுங்கைக்குக் கிறவல் வேண்டுமென்றால் ஆவணியில் போங்கள்: பிரதேச சபைப் பாதீடும் சோலை வரியும்

கார்த்திகையில் வன்னியில் இரண்டு அலுவல் ஒன்றாக நடக்கும். ஒழுங்கைகளில் முழங்காலளவு வெள்ளம் நிற்கும், பிரதேச சபையில் அடுத்த வருடத்துப் பாதீட்டுக் கூட்டம் நடக்கும். நாங்கள் சறத்தை மடித்துக் கட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு சபைக்குப் போய் "எங்கட ரோட்டை ஒருக்கால் பாருங்கோ" என்று கேட்போம். அவர்களும் மரியாதையாக "பாப்பம் அண்ணை" என்று சொல்லி அனுப்புவார்கள். ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. அந்த நேரம் பாதீட்டுப் புத்தகம் அச்சாகி முடிந்திருக்கும், அதில் எங்கள் ஒழுங்கை இருக்காது, அவ்வளவுதான்.

சனசமூக நிலையத்துக்குச் செயலாளராக இருந்த காலத்தில் நான் நாலு மாரி இப்படி அலைந்தேன். ஐந்தாவது தடவை, ஒரு சபையின் வருமானப் பகுதியில் வேலை செய்து இளைப்பாறிய ஐயா ஒருவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீர் விதைச்சு முளைச்சாப் பிறகு வயல் உழ வாறீர்." அன்றைக்குப் பின்னேரம் அவர் வீட்டு விறாந்தையில் இருந்து, பாதீட்டுப் புத்தகத்தை எப்படி வாசிப்பது, எங்கே எந்த மாதம் கடிதம் கொடுப்பது என்று சொல்லித் தந்தார். அதோடு நான் பிறகு பட்டறிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். எங்கள் சபையின் பெயர் வேண்டாம், எல்லாச் சபையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான்.

முதலில் அது யாருடைய ரோட்டு என்று பாருங்கள்

பாதிக் கடிதங்கள் வீணாவது இதில்தான். ஏ-9, பரந்தன்–முல்லைத்தீவு ஏ-35, மாங்குளம்–முல்லைத்தீவு ஏ-34, பூநகரிப் பக்கம் போகும் ஏ-32, இவை எல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. பி வகுப்பு வீதிகளும் அவர்களுடையவை. சி, டி வகுப்பு வீதிகள் மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. குளக்கட்டு ரோட்டும் வாய்க்கால் ரோட்டும் பெரும்பாலும் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமோ கமநல சேவை நிலையத்திடமோ இருக்கும். காட்டு ஓரமாகப் போகிற பாதை என்றால் வனவளத் திணைக்களத்தோடும் ஒரு வார்த்தை பேச வேண்டி வரும். மிச்சமிருக்கிற உள்ளூர் வீதிகளும் ஒழுங்கைகளும்தான் சபையினுடையவை. அதிலும் சபையின் வீதிப் பட்டியலில் பதிவாகியிருந்தால்தான் காசு ஒதுக்குவார்கள். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு ஊரே கூடி வெட்டின பாதைகள் நிறைய இன்னும் பட்டியலில் இல்லை. உங்கள் பாதை இருக்கிறதா என்று தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இல்லையென்றால் முதல் கடிதம் கிறவல் கேட்டு எழுத வேண்டாம், பதிவு கேட்டு எழுதுங்கள்.

ரோட்டை விட்டால் சபையின் கையில் இருப்பவை தெருவிளக்கு, குப்பை, வடிகால், நூலகம், சந்தை, சுடலை, விளையாட்டு மைதானம், மலக்கழிவு ஏற்றும் பவுசர், வறட்சிக் காலத்தில் குடிநீர்ப் பவுசர் போன்றவை. பாடசாலைக் கட்டடம், ஆஸ்பத்திரி, வீட்டுத்திட்டம், காணி அனுமதிப்பத்திரம் எதுவும் சபையில் இல்லை. பிரதேச செயலகத்தையும் பிரதேச சபையையும் ஒன்றாக நினைத்து மாறிப் போகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெயர் வைத்தவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

எங்கள் பக்கம் அநேகமாக எல்லாம் பிரதேச சபைகள். கிளிநொச்சி நகரம்கூட கரைச்சிப் பிரதேச சபைக்குள்தான் வருகிறது, முல்லைத்தீவு நகரம் கரைத்துறைப்பற்றுக்குள். இவற்றுக்கு 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம். வவுனியா நகரம் இப்போது மாநகர சபை, மன்னார் நகரம் நகர சபை, அவற்றுக்குத் தனித்தனிக் கட்டளைச் சட்டங்கள் இருக்கின்றன. நடைமுறை பெரிதாக மாறாது.

எந்த மாதம் என்ன நடக்கிறது

சபையின் நிதியாண்டு தை முதல் மார்கழி வரை. டிசம்பர் முடிவதற்குள் அடுத்த வருடத்துப் பாதீடு நிறைவேற வேண்டும். அதிலிருந்து பின்னுக்கு எண்ணினால், நவம்பரில் தவிசாளர் சபையில் வரைபை வைக்க, ஒக்டோபரில் வரைபு தட்டச்சாகி நிதிக் குழுவில் இருக்க வேண்டும். அதற்கு முன்னர் செப்டெம்பரில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதகு எவ்வளவு, கிறவல் எத்தனை லோட் என்று மதிப்பீடு போட்டிருக்க வேண்டும். அவர் அளப்பதற்கு இடம் காய்ந்திருக்க வேண்டும், அத்தோடு உங்கள் கடிதம் அவர் மேசையில் இருக்க வேண்டும். அப்படியென்றால் ஆவணி. சிறுபோகம் வெட்டுகிற நேரம், ஒருவருக்கும் ரோட்டு ஞாபகம் வராத நேரம், புழுதிதான் பறக்கும், வெள்ளம் போன வருடத்துக் கதை. அந்த நேரம் போங்கள். சபைக்குச் சபை ஒரு மாதம் முன்பின் இருக்கும், உங்கள் உப அலுவலகத்தில் "முன்மொழிவு எப்போது எடுக்கிறீர்கள்" என்று ஆடியிலேயே கேட்டு வைத்தால் நல்லது.

ஆவணியில் போவதில் ஒரு சிக்கல், வெள்ளம் எங்கே நின்றது என்று வெறும் தரையைக் காட்டி யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது. அதனால் மாரியிலேயே வேலை தொடங்குகிறது. வெள்ளம் நிற்கும்போது கைத்தொலைபேசியில் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு பிள்ளையையோ சைக்கிளையோ நிறுத்தி எடுத்தால் ஆழம் தெரியும். திகதியை எழுதி வையுங்கள். எட்டு மாதம் கழித்து அந்தப் படம் கடிதத்தோடு போகும்போது அதன் பெறுமதி தெரியும்.

கடிதம்

ஒரு கடிதத்தில் ஒரு வேலை மட்டும் கேளுங்கள். ஒரே கடிதத்தில் ரோட்டு, விளக்கு, மைதானம், நூலகம் என்று அடுக்கினால் எந்தக் கோப்புக்குள்ளும் அது போகாது. வீதியின் பெயர், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை மீற்றர், அதில் எத்தனை குடும்பம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனை பேர், நெல் ஏற்றும் உழவு இயந்திரம் போகுமா, அம்புலன்ஸ் வருமா. பந்தி பந்தியாக எழுத வேண்டாம், ஒரு பக்கம் போதும். "எமது மக்கள் சொல்லொணாத் துயரத்தை அனுபவித்து வருகின்றனர்" என்ற வசனத்தை நான் எத்தனை கடிதத்தில் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒருவரும் அதை வாசிப்பதில்லை. "320 மீற்றர், 41 குடும்பம், கடந்த மார்கழியில் 9 நாள் போக்குவரத்து இல்லை" என்று இருந்தால் கடிதத்தை எடுக்கிறவர் அதை அப்படியே மதிப்பீட்டுத் தாளில் எழுத முடியும். இந்த எண்கள் சும்மா மாதிரிக்கு, நீங்கள் உங்களுடையதை எண்ணிப் போடுங்கள்.

தவிசாளருக்கு முகவரியிட்டு, செயலாளருக்கும் உங்கள் வட்டார உறுப்பினருக்கும் பிரதி. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் சனசமூக நிலையமும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுத்தால் பலம் கூட. மூன்று சங்கமும் மூன்று வேறு வேலை கேட்டால் மூன்றும் போகும், இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். சங்கங்களுக்குள் கோபதாபம் இருந்தால் அதைக் கோயில் கூட்டத்தில் தீர்த்துக்கொண்டு வாருங்கள். கடிதத்தைக் கையளித்ததும் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வரக்கூடாது. ஒரு வருடம் என் கடிதம் "கிடைக்கவில்லை" என்று சொல்லிவிட்டார்கள், என்னிடம் முத்திரையும் இல்லை, வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன்.

வரவுப் பக்கத்தை முதலில் பிரியுங்கள்

பாதீட்டுப் புத்தகம் கைக்கு வந்தால் எல்லோரும் செலவுப் பக்கத்துக்குத்தான் தாவுவார்கள், தங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று தேட. ஐயா எனக்குச் சொன்னது, "செலவில எழுதுறது ஆசை, வரவில எழுதுறதுதான் காசு." வரவுப் பக்கத்தில் இல்லாத காசைப் பெரிதாகக் காட்டி, அதற்கு எதிரே எல்லா வட்டாரத்துக்கும் ஒவ்வொரு ரோட்டு எழுதி, எல்லா உறுப்பினரையும் கை உயர்த்த வைத்து நிறைவேற்றிவிடலாம். ஆனி மாதம் வந்ததும் "வருமானம் எதிர்பார்த்தபடி வரவில்லை" என்று ஒவ்வொன்றாக வெட்டுவார்கள். வெட்டுவது கடைசியில் யாருடைய ரோட்டு? கூட்டத்துக்குக் கேட்க வராதவர்களுடையது.

எப்படிப் பார்ப்பது என்றால், ஒவ்வொரு வருமானத் தலைப்புக்கும் பக்கத்தில் போன வருடம் மதிப்பிட்டது எவ்வளவு, உண்மையில் சேர்ந்தது எவ்வளவு என்று கேளுங்கள். பல புத்தகங்களில் அந்த நிரல்கள் இருக்கும். போன வருடம் சேர்ந்தது 6 இலட்சம், இந்த வருடம் எதிர்பார்ப்பது 15 இலட்சம் என்று எழுதியிருந்தால், மிச்ச 9 இலட்சம் எங்கிருந்து வரும் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. புதிதாகச் சந்தைக் கடைத்தொகுதி குத்தகைக்குப் போகிறதா, புதிய பகுதிக்கு வரி வருகிறதா? பதில் இருந்தால் சரி. இல்லையென்றால் அந்த 9 இலட்சத்துக்கு எதிரே எழுதிய வேலைகள் எல்லாம் கடதாசி ரோட்டு.

வன்னிச் சபைகளின் வருமானம் ஏன் மெலிந்து இருக்கிறது என்பதும் அந்தப் பக்கத்திலேயே தெரியும். காணி கைமாறும்போது கட்டும் முத்திரைத் தீர்வை, மாகாணத்தின் ஊடாகச் சபைக்கு வருகிற ஒரு முக்கிய வருமானம். யாழ்ப்பாணப் பக்கம் உறுதிக் காணி, விற்றல் வாங்கல் நடக்கும், தீர்வை வரும். எங்களிடம் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணியும் அளிப்புக் காணியும். நினைத்தபடி விற்க முடியாது, உறுதி எழுதுவது குறைவு, ஆகவே தீர்வையும் குறைவு. இன்னொன்று நீதிமன்றத் தண்டப்பணம், அதுவும் சபைக்கு வரும் வழக்கு உண்டு, மண் ஏற்றினவனைப் பிடித்தால்தான் கிறவல் போடக் காசு என்று எங்கள் ஊரில் பகிடி விடுவார்கள்.

வியாபார அனுமதிக் கட்டணத்தைப் பாருங்கள். சட்டம் எழுதியபோது போட்ட உச்சம் 1,000 ரூபாய். வியாபார வரியில் மேல்மட்டம் 3,000 ரூபாய், வருட வருமானம் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டினால் அதுதான், அதற்கு மேல் நீங்கள் கோடியில் புரண்டாலும் அதே 3,000. ஏ-9 கரையில் இருக்கிற பெரிய கடையும் உள்ளுக்குள் இருக்கிற நடுத்தரக் கடையும் ஒரே தொகை கட்டுவது இதனால்தான், சபையின் ஓரவஞ்சனை இல்லை. அதே சட்டத்தின்படி வருகிற வரி அறிவித்தல்களில் சைக்கிளுக்கு 4 ரூபாய், கரத்தைக்கு 20 ரூபாய், யானைக்கு 50 ரூபாய் என்றும் இருக்கும். நெடுங்கேணிப் பக்கமும் துணுக்காய்ப் பக்கமும் தென்னைக்குள் இறங்கும் யானைகளிடம் இதை யாராவது வசூலித்தால் சபைகள் எல்லாம் பணக்காரச் சபைகள்.

சந்தைக் குத்தகையும் கடை வாடகையும் பெரிய தூண். ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது, 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச் சந்தை ஓர் இரவில் எரிந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். நிரந்தர ஊழியர் சம்பளத்தில் பெரும்பகுதி மாகாணத்தின் ஊடாக மீளளிப்பாக வரும், பெரிய வீதி வேலைகளுக்கு மாகாண அபிவிருத்தி நன்கொடையோ வெளிநாட்டு உதவித் திட்டமோ வர வேண்டும். முன்னர் நெல்சிப் என்ற பெயரில் உலக வங்கிக் காசில் ரோட்டும் சந்தையும் கட்டினது பலருக்கு ஞாபகம் இருக்கும். இந்தக் காசு எதுவும் சபை நினைத்தபடி செலவழிக்கிற காசு இல்லை, எதற்கு வந்ததோ அதற்குத்தான் போகும். சபை தன் விருப்பப்படி தொடக்கூடிய சொந்தக் காசில் கட்டட நெருக்கமான இடங்களில் வளரக்கூடியது என்று பார்த்தால் சோலை வரிதான்.

சோலை வரி: இரண்டு திருகாணி

ஆதன வரி, மதிப்பீட்டு வரி என்று எழுதினாலும் சனம் சொல்வது சோலை வரி. எல்லாக் காணிக்கும் இது வராது. சபை "கட்டடங்கள் நிறைந்த பகுதி" என்று பிரகடனம் செய்த இடத்துக்குள் இருக்கும் வீடு, கடை, காணிக்குத்தான் வரும். வெளியே நிரந்தரப் பயிர் செய்யும் காணிக்கு ஏக்கர் வரி என்று தனியாக ஒன்று இருக்கிறது, தொகை சிறிது. கோயில், தேவாலயம், பள்ளிவாசல், பாடசாலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

வரி கூடிப்போச்சு என்று கோபப்படுவதற்கு முன் எந்தத் திருகாணி திருகப்பட்டது என்று பாருங்கள். ஒன்று வருடாந்தப் பெறுமதி, அதாவது உங்கள் வீட்டை வாடகைக்குக் கொடுத்தால் ஒரு வருடத்துக்கு நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்ற கணிப்பு. இதைப் போடுவது சபை இல்லை, அரசாங்கத்தின் விலை மதிப்பீட்டுத் திணைக்களம். ஐந்து வருடத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்க வேண்டும், பல இடங்களில் அதையும் தாண்டி இழுபடும். மற்றது வீதம், அந்தப் பெறுமதியில் நூற்றுக்கு எத்தனை என்பது. இதைப் போடுவது சபை, உறுப்பினர்கள் கை உயர்த்தி, வருடா வருடம். வீட்டுக்கு ஒரு வீதம், கடைக்கு ஒரு வீதம் என்று பிரிப்பதும் உண்டு. தீர்மானம் வர்த்தமானியில் நான்காம் பகுதி (ஆ) பிரிவில், உள்ளூராட்சி என்ற தலைப்பின் கீழ் வரும்.

கணக்கைப் பாருங்கள். வருடாந்தப் பெறுமதி 30,000, வீதம் 5 என்று வைப்போம். வருட வரி 1,500. காலாண்டுக்கு 375. ஜனவரி 31க்கு முன் முழுதையும் கட்டினால் 10 வீதம் கழிவு, 1,350 தான். காலாண்டின் முதல் மாதத்துக்குள் அந்தக் காலாண்டுத் தொகையைக் கட்டினால் 5 வீதம் கழிவு, 356 ரூபாய் 25 சதம். கட்டாமல் விட்டால் நிலுவை ஏறும், பிடியாணைச் செலவும் சேரும், அசையும் பொருளைப் பறிமுதல் செய்கிற அதிகாரமும் சபைக்கு இருக்கிறது. எங்கள் பக்கம் தளபாடம் தூக்கிக்கொண்டு போனதாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் வங்கிக் கடனுக்கு வீதிக் கோட்டுச் சான்றிதழ் (காணி வீதி எல்லைக்குள் வருகிறதா என்று சபை கொடுக்கும் பத்திரம்) எடுக்கப் போகிற அன்றைக்கு எட்டு வருட நிலுவையும் ஒன்றாகக் கேட்பார்கள், அதைப் பார்த்திருக்கிறேன்.

புதிய மதிப்பீடு வரும்போதுதான் சனம் பதறும். 12,000 ஆக இருந்த பெறுமதி திடீரென்று 40,000 ஆகும். அறிவித்தலைக் கிழித்துப் போடாதீர்கள். ஆட்சேபனை எந்தத் திகதிக்குள் கொடுக்கலாம் என்று அதிலேயே இருக்கும், அந்தத் திகதி போனால் பிறகு அழுது பிரயோசனம் இல்லை. எழுத்தில் கொடுங்கள், காரணத்தோடு. "எங்களிடம் காசு இல்லை" என்பது காரணமாகாது. பக்கத்து வீடு இதே அளவு, அதற்குக் குறைவான பெறுமதி போட்டிருக்கிறது, எனக்கு மேல்மாடி இருப்பதாக எழுதியிருக்கிறது ஆனால் இல்லை, அத்திவாரம் மட்டும்தான் கட்டி இருக்கிறேன், ரோட்டுக் கரை என்று எழுதியிருக்கிறது ஆனால் நூறு மீற்றர் உள்ளுக்கு, இவைதான் காரணம். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், போங்கள். அதிலும் திருப்தி இல்லையென்றால் நீதிமன்ற வழி உண்டு, ஒரு சின்ன வீட்டுக்கு அது செலவுக்குக் கட்டாது என்பது என் அபிப்பிராயம்.

ஊரில் எல்லோருக்கும் பெறுமதி ஏறியிருந்தால் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஆட்சேபனை எழுதுவதைவிட மற்றத் திருகாணியைப் பிடிக்க வேண்டும். பெறுமதி மூன்று மடங்கானால் வீதத்தை இறக்கச் சொல்லிச் சபையிடம் கேட்கலாம், அது பாதீட்டோடு சேர்ந்த முடிவு, ஆகவே அதற்கும் ஆவணி–ஐப்பசிதான் காலம். வரியே வேண்டாம் என்று கோஷம் போடுகிற உறுப்பினரையும் நான் நம்புவதில்லை, அவரே அடுத்த கூட்டத்தில் தன் வட்டாரத்துக்குத் தார் ரோட்டுக் கேட்பார்.

எங்கள் ஊர்ப் பிரச்சினை இன்னொன்று, பதிவேட்டில் இருக்கும் பெயர். சில வீடுகள் இன்னும் செத்துப்போன அப்பு பெயரில், சில இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வராதவர் பெயரில், சில கனடாவில் இருக்கிற மகன் பெயரில். அறிவித்தல் அந்தப் பெயருக்கு வரும், வீட்டில் இருப்பவர் "இது எங்களுக்கு இல்லை" என்று மடித்துக் கூரைக்குள் செருகுவார், நிலுவை மட்டும் வளரும். உரிமை மாறினால் பத்திரப் பிரதியோடு போய்ப் பெயர் மாற்றுங்கள். அப்புறம் ஒன்று, வரிப் பற்றுச்சீட்டு காணி உரித்து இல்லை. இருபது வருடம் வரி கட்டினேன், ஆகவே காணி என்னுடையது என்று யாரும் பிரதேச செயலகத்தில் போய் நிற்க வேண்டாம். உரித்து வேறு, வரி வேறு.

வாக்கெடுப்பு

வரைபு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் என்று அறிவித்தல் பலகையில் ஒட்டுவார்கள், எத்தனை நாள் என்றும் அதில் இருக்கும். போய்ப் பாருங்கள், கொப்பி கொண்டு போங்கள், வரவுப் பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சபைக் கூட்டத்தைப் பார்வையாளராக இருந்து பார்க்கலாம், முன்னரே செயலாளருக்கு ஒரு வரி எழுதி வைத்தால் வாசலில் நின்று வாதாட வேண்டி வராது. ஆனால் அங்கே உங்களுக்குப் பேச இடமில்லை, பேசுவது உறுப்பினர்தான். ஆகவே கூட்டத்துக்கு முதல் நாளே அவரிடம் உங்கள் கேள்வியை ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்: "வாடகை வருமானம் போன வருடம் இவ்வளவு, இந்த வருடம் இவ்வளவு என்று எப்படிப் போட்டீர்கள்?" உங்கள் உறுப்பினர் தவிசாளரின் கட்சியாக இருந்தால் அவர் இதைக் கேட்க மாட்டார், எதிர்ப்பக்கத்து உறுப்பினரிடம் கொடுங்கள், அவர் சந்தோசமாகக் கேட்பார்.

பாதீடு வாக்கெடுப்பில் தோற்றால் என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்பார்கள். முதல் தடவை தோற்றால் தவிசாளர் திருத்தியோ திருத்தாமலோ இரண்டு வாரத்துக்குள் மறுபடி வைக்க வேண்டும். இரண்டாம் தடவையும் தோற்றால் தவிசாளரின் பதவி போகும், 2020 டிசம்பரில் யாழ்ப்பாணம் மாநகர சபையில் முதல்வர் பதவி அப்படித்தான் போனது. ஆனால் சபையின் முதல் இரண்டு வருடத்தில் அந்த ஆபத்து இல்லை, தோற்றாலும் நிறைவேறியதாகவே எடுத்துக்கொள்வார்கள். 2025 மே 6ஆம் திகதித் தேர்தலில் வந்த சபைகளை அந்தக் கணக்கில் பாருங்கள். மூன்றாம் வருடத்துப் பாதீட்டில்தான் பேரம் சூடு பிடிக்கும், அந்த வருடம் உங்கள் உறுப்பினரின் கைக்கு விலை கூட, உங்கள் ஒழுங்கையையும் அந்த விலைக்குள் சேர்க்கச் சொல்லுங்கள். இதைச் சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடப்பதைத்தானே சொல்கிறேன்.

சபையே இல்லாமலும் பாதீடு நடக்கும். 2023 மார்ச் 19இல் முந்திய சபைகளின் காலம் முடிந்து புதியவை வரும் வரை இரண்டு வருடத்துக்கு மேல் செயலாளர்களே எல்லாம் பார்த்தார்கள். சண்டையும் இல்லை, கேள்வி கேட்க ஆளும் இல்லை.

பாதீட்டில் வந்துவிட்டது, பிறகு?

பெயர் புத்தகத்தில் வந்ததும் வெடி கொளுத்தி விடாதீர்கள். தையில் கேள்வி கோரல் (டெண்டர்) பட்டியலில் உங்கள் வேலை எத்தனையாவது இடம் என்று கேளுங்கள், சொந்த நிதியா, நன்கொடை நிதியா என்றும் கேளுங்கள். சொந்த நிதி என்றால் வருமானம் சேரச் சேரத்தான் வேலை. சிறிய வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கே ஒப்பந்தமாகக் கொடுக்கிற வழக்கமும் இருக்கிறது, உங்கள் சங்கத்தின் பதிவும் வங்கிக் கணக்கும் உயிரோடு இருந்தால் கேட்கலாம்.

ஆனி வரையில் ஒன்றும் அசையவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கம். சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழில் ஒரு பக்கம்: இந்த வேலைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, இதுவரை செலவழித்தது எவ்வளவு, தலைப்பு மாற்றப்பட்டதா, மாற்றிய தீர்மானத்தின் பிரதி. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். தராவிட்டால் முதலில் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "தலைப்பு மாற்றப்பட்டதா" என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். எங்கள் ஒழுங்கைக்கு ஒதுக்கின காசு ஒரு வருடம் வேறொரு தலைப்புக்குப் போனதை இப்படித்தான் கண்டுபிடித்தோம். சத்தம் போடவில்லை, அந்தப் பதில் கடிதத்தின் பிரதியை அடுத்த ஆவணிக் கடிதத்தோடு இணைத்தோம். அந்த வருடம் கிறவல் வந்தது, 200 மீற்றர். மிச்சம் 120 மீற்றருக்கு இந்த மாரியும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.